தண்டனைக் காலம் யாருக்கு?

(திருவான்மியூரில் படிப்பகக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு எதிரே, முன்வரிசை நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்கள். பின்னால் நிற்பவர்கள் இளைஞர்கள். முன்வரிசையைப் பற்றிப் பின்வரிசைக்குச் சில சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் இன்று வந்திருக்கிறேன்.

முதியவர்களுடைய தள்ளாமையையும் தனிமையையும் பயன்படுத்தி, அவர்களுடைய சேமிப்பையும் வீட்டையும் ஓய்வூதியத்தையும் பறித்துக்கொள்வோர் இருக்கிறார்களே, அவர்களுக்கு நாட்டின் குற்றவியல் சட்டம் என்ன தண்டனை வைத்திருக்கிறது? அது நீதிக்குப் பொருந்துமா? பொருந்தாதெனில் நாம் செய்யவேண்டுவது என்ன? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

“இது குடும்பத்துச் சங்கதி ஆயிற்றே, கட்சி மேடையில் இதற்கென்ன இடம்?” என்று சிலருக்குக் கேட்கத் தோன்றும். குடும்பத்துச் சங்கதி என்று சொல்லித்தானே ஒரு காலத்தில் குழந்தை மணத்தை மூடிவைத்தார்கள்? விதவையின் கண்ணீரை மூடிவைத்தார்கள்? பெண்ணுக்குச் சொத்தில் பங்கில்லை என்ற அநீதியை மூடிவைத்தார்கள்? அந்த மூடியைத் திறந்ததுதான் நமது அரசியல். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பெண்ணுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை வழங்கிற்று. அதை நாடு முழுவதற்கும் ஆக்குவதற்கு டில்லிக்கு 2005ஆம் ஆண்டுவரை பிடித்தது. வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடக்கிற அநீதியும் அநீதிதான் என்று சொன்னவர்கள் நாம். இன்று அதே கதவைத்தான் மீண்டும் தட்டுகிறோம்.

எத்தனை பேரைப் பற்றிய பேச்சு இது? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்தியா முழுமைக்கும் அந்தக் கணக்கு நூற்றுக்கு எட்டரைதான். கல்வியும் மருத்துவமும் பரவிய நாட்டில் மக்கள் நெடிது வாழ்கிறார்கள். பெருமைப்படத்தக்க செய்தி! ஆனால் நெடிது வாழ வைத்தோம் என்று பெருமை பேசுகிற நாம், நிம்மதியாக வாழ வைத்தோமா என்ற கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

வான்மீகி கதையும் வாழும் மனிதரும்

இந்த ஊருக்கு ஒரு தலபுராணம் சொல்கிறார்கள். வான்மீகியின் பெயரால் அமைந்த ஊர் என்கிறார்கள். நம்புகிறவர் நம்பட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த வான்மீகியைப் பற்றி மக்கள் வழங்குகிற கதை நினைவிருக்கிறதல்லவா? வழிப்பறி செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவன் ஒருவன். “நான் செய்கிற பாவத்தில் உங்களுக்குப் பங்குண்டா?” என்று வீட்டாரைக் கேட்டானாம். “எங்களைக் காப்பது உன் கடமை. பாவம் உன்னுடையது” என்று சொல்லிவிட்டார்களாம். அன்றைக்கு அவன் கத்தியைக் கீழே போட்டானாம்.

அந்தக் கதையில் குடும்பத்துக்காக வழிப்போக்கனைக் கொள்ளையடித்தான். இன்றைக்கோ குடும்பத்து முதியவரையே கொள்ளையடித்து வழிப்போக்கராக்கி வெளியே அனுப்புகிறார்கள். கத்தி தேவையில்லை. ஒரு பேனா போதும். பேனா பிடிக்கத் தெரியாதவராக இருந்தால் ஒரு மைப்பெட்டி போதும்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் குப்பம் இருக்கிறது. கடலுக்குப் போன கணவனை இழந்த மூதாட்டி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு அரசு தருகிற உதவித்தொகை, 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தத் தொகை வருகிற வங்கி அட்டையை, பட்ட கடனுக்கு ஈடாக ஒருவன் வாங்கி வைத்துக்கொண்டால் அவள் கதி என்ன? அதே திருவான்மியூரில், கடற்கரைப் பக்கத்து அடுக்குமாடி வீட்டில், பிள்ளைகள் அயல்நாட்டிலிருக்கத் தனியே வாழும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை எண்ணிப் பாருங்கள். “உங்கள் பெயரில் கடத்தல் பொட்டலம் பிடிபட்டது, உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம், கைப்பேசியின் முன்னாலிருந்து நகரக் கூடாது” என்று காக்கிச் சட்டை போட்ட ஒருவன் திரையில் தோன்றி மிரட்டுகிறான். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஆனால் அச்சத்தில் அவர் ஆயுள் சேமிப்பை அனுப்பிவிடுகிறார். குப்பத்துக்கும் மாடி வீட்டுக்கும் இடையே எத்தனையோ வேற்றுமை உண்டு. இந்த ஒரு கொடுமையில் இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

குடத்துக்கு ஏழாண்டு, வீட்டுக்கு மூன்று மாதம்

இனிச் சட்டத்தைப் பார்ப்போம்.

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவு என்ன சொல்கிறது? குடியிருக்கும் வீட்டில் திருடியவனுக்கு ஏழாண்டுவரை சிறை. வெள்ளைக்காரன் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்திலும் அதே ஏழாண்டுதான். ஒரு பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாலும் அந்தப் பிரிவு பாயும்.

சரி, குடத்தை விடுங்கள். வீட்டையே எடுத்துக்கொண்டால்? “அம்மா, உன்னைக் கண்ணைப்போல் காப்பாற்றுகிறேன்” என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், தான செட்டில்மென்ட் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அந்த அம்மையாரைத் தெருவில் விட்டால்? அதற்கென்று இருப்பது பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. அதன் 24ஆம் பிரிவின்படி, மூத்த குடிமகனைக் கைவிட்டவருக்கு மூன்று மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஐயாயிரம் ரூபாய்! இந்தத் திருவான்மியூரில் ஒரு மாத வாடகைக்குக் காணுமா அது? அந்த வீட்டை எழுதி வாங்கியவன் ஒரு மாத வாடகையில் ஒரு துண்டை எறிந்துவிட்டுச் சட்டத்துக்குக் கணக்குத் தீர்த்துவிடலாம் என்றால், அதற்குப் பெயர் தண்டனையா, கட்டணமா?

சட்டம் படித்த தோழர்கள் குறுக்கிடுவார்கள்: “ஏமாற்றிச் சொத்துப் பெறுவதற்கு 318ஆம் பிரிவில் ஏழாண்டு இருக்கிறதே!” இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அம்மையார் பத்திரத்தில் கையெழுத்திட்டது சார்பதிவாளர் முன்னிலையில், தம் கையால், “அன்பின் பேரில்” என்று எழுதிய வாசகத்துக்குக் கீழே. கையெழுத்து வாங்கிய அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதை மெய்ப்பித்தால்தான் ஏழாண்டுப் பிரிவு பேசும். மகனுடைய மனத்துக்குள் புகுந்து சாட்சியம் எடுப்பது எளிதா? எனவே ஏழாண்டு ஏட்டில் நிற்கிறது. மூன்று மாதம்தான் கைக்கு எட்டுகிறது. பல நேரங்களில் அதுவும் எட்டுவதில்லை.

இன்னொன்றும் பாருங்கள். 318ஆம் பிரிவின் கண்ணுக்கு ஏமாந்தவருடைய வயது தெரியாது. இருபத்தைந்து வயது இளைஞனிடம் பறித்தாலும் ஒன்றுதான். எண்பத்தைந்து வயதில், கண் மங்கி, காது மந்தித்து, மருந்து வாங்கித் தர ஆளில்லாத முதியவரிடம் பறித்தாலும் ஒன்றுதான். இளைஞன் இழந்ததை மீண்டும் ஈட்டுவான். முதியவர் எதைக்கொண்டு ஈட்டுவார்?

இந்த வேற்றுமை சட்டத்துக்குத் தெரியாததா? தெரியும். முதுமையாலோ நோயாலோ மனத்துயராலோ தளர்ந்தவரை மேலாதிக்கத்தால் இணங்கச் செய்து பெற்ற ஒப்பந்தம் செல்லாததாக்கப்படலாம் என்று, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. ஒப்பந்தத்தை உடைக்கும்போது முதுமையைக் காண்கிற சட்டம், குற்றவாளியைத் தண்டிக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வானேன்? இதுதான் என் முதற் கேள்வி.

பதினெட்டு மாதமும் நாற்பது ஆண்டும்

ஒரு நாட்டின் ஆட்சி எதை மதிக்கிறது, எதை மதிக்கவில்லை என்பதை அதன் தண்டனைகளைக் கொண்டு அறியலாம். இந்தச் சென்னை நகரத்து வரலாறே சான்று.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், சென்னையில் பேரும் புகழும் பெற்று விளங்கிய ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்திற்று. ஓய்வூதியக்காரர்கள், கைம்பெண்கள், சிறுகச் சிறுகச் சேர்த்த நடுத்தரக் குடும்பத்தார் என்று அதில் பணம் போட்டுக் கெட்டவர்கள் ஏராளம். “சர்” பட்டம் பெற்ற வெள்ளைக்காரத் துரை நடத்துகிற கம்பெனி, அது ஏமாற்றுமா என்று நம்பினார்கள். கெட்டார்கள். அந்த ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு நீதிமன்றம் விதித்த தண்டனை பதினெட்டு மாதம்.

அடுத்து, 1908ஆம் ஆண்டு. அதே சென்னை மாகாணம். அதே வெள்ளையர் ஆட்சி. தூத்துக்குடியில் கப்பல் விட்டவர், தொழிலாளருக்காகக் குரல் கொடுத்தவர், வ.உ. சிதம்பரனார், மேடையில் பேசிய குற்றத்துக்காகத் திருநெல்வேலியில் தண்டிக்கப்பட்டார். எத்தனை ஆண்டு? இரண்டு ஆயுள் தண்டனை, சேர்த்து நாற்பது ஆண்டு! பின்னர் மேல்முறையீட்டில் குறைந்தது என்பது வேறு. கைம்பெண்ணின் காசைக் கரைத்தவனுக்குப் பதினெட்டு மாதம். மக்களுக்காகப் பேசியவருக்கு நாற்பது ஆண்டு. அந்த ஆட்சியின் துலாக்கோல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

ஆர்பத்நாட்டின் பதினெட்டு மாதம் முடிந்தது. பணம் போட்டவர்களின் முதல் முழுதும் மீளவில்லை. அன்று பணமிழந்தோருக்காக வழக்காடிய மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயருடைய அரசியல் நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும் ஒன்றை மறைக்கக் கூடாது. தண்டனையோடு நின்றுவிடாமல், மக்கள் நம்பிப் பணம் போட ஒரு நிலையம் வேண்டும் என்று அவரும் பிறரும் முயன்றதன் பயனாகத்தான் 1907 ஆகஸ்டில் இந்தியன் வங்கி தோன்றிற்று. குற்றவாளியைச் சிறையில் வைப்பது பாதி வேலை, கெட்டவரைக் கரையேற்றுவது மறுபாதி என்பதை அன்றே உணர்ந்தவர்கள் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேலாயிற்று. ஒப்பந்தச் சட்டம் பிறந்த அதே 1872ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிதி நிறுவனம் ஒன்று மயிலாப்பூரில் உண்டு: மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு. தாத்தா போட்டார், அப்பா போட்டார், நானும் போடுகிறேன் என்று தலைமுறை தலைமுறையாகப் பணம் போட்டவர்கள் தென்சென்னையில் ஏராளம். முதிர்வுத் தொகை திரும்பவில்லை என்று முதியவர்கள் கூட்டம் கூட்டமாக 2024இல் புகார் கொடுத்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவலர்கள் அதன் மேலாண் இயக்குநரைக் கைது செய்தார்கள். நீதிமன்றத்துக்குச் சென்றுவிட்ட வழக்கு அது. யார் குற்றவாளி என்று மேடையில் நின்று தீர்ப்புச் சொல்வது நமது வேலையன்று. ஆனால், புகார் கொடுத்துவிட்டு வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்த அந்த முதியவர்களின் முகத்தைப் பத்திரிகையில் பார்த்தோமே, அந்த முகங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “நான் இருக்கும்போது திரும்பி வருமா?”

காலம் யார் பக்கம்?

இந்தக் கேள்விக்குள்தான் இன்றைய என் பேச்சின் சாரமே அடங்கியிருக்கிறது.

திருப்பூரில் பாசி நிறுவனம் என்று ஒன்று, அன்னியச் செலாவணியில் பணம் பெருகும் என்று ஆசை காட்டி மக்களிடம் பணம் திரட்டிற்று. ஏறத்தாழ 930 கோடி ரூபாய் மோசடி. குற்றம் வெளிப்பட்டது 2009இல். கோவைத் தனி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஆகஸ்டில். இயக்குநர் இருவருக்குத் தலைக்கு இருபத்தேழு ஆண்டு சிறை, 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். கடுமையான தீர்ப்புத்தான். ஆனால் கணக்குப் போடுங்கள் தோழர்களே! குற்றம் நடந்தபோது அறுபத்தைந்து வயதிலிருந்தவருக்குத் தீர்ப்பு வந்தபோது எழுபத்தெட்டு. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளை யார் கழித்தார்கள்? குற்றவாளியா? இல்லை. பணத்தை இழந்தவர், மருந்தைக் குறைத்து, மானத்தை அடக்கி, மகள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்கும் மாறி மாறி நடந்து கழித்தார். தீர்ப்பு வருவதற்கு முன்பே அவர் தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டார்!

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஆராயாமல் அவசரப்பட்டுத் தண்டித்தான். ஓர் உயிர் போயிற்று, ஒரு நகரம் எரிந்தது. அவசரம் தீது என்பதற்கு அந்தக் கதையைச் சொல்லாத தமிழன் இல்லை. இன்றோ ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள், ஆண்டுக்கணக்கில் ஆராய்கிறார்கள். கேட்டு வந்தவர் ஓசையில்லாமல் மறைந்துபோகிறார். நகரம் எரிவதில்லை. வழக்கு மட்டும் முடிந்துபோகிறது. அவசரம் தீதென்றால், இந்தத் தாமதம் நன்றா?

விரைந்து தீர்ப்பளிக்க முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். மேற்கு வங்கத்தில் கல்யாணி நீதிமன்றம் செய்து காட்டியிருக்கிறது. டிஜிட்டல் கைது என்று மிரட்டி ஓய்வுபெற்ற ஒருவரிடம் ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் பறித்த வழக்கு. 2024இல் நடந்த குற்றத்துக்கு 2025 ஜூலையில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதே மாதத்தில் லக்னோ நீதிமன்றம் இதே வகைக் குற்றத்துக்கு ஒருவனுக்கு ஏழாண்டு கொடுத்தது. 2025 டிசம்பரில் உச்சநீதிமன்றம், இத்தகைய மோசடிகளை நாடெங்கும் புலனாய்வு செய்யுமாறு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு ஆணையிட்டது. மனம் வைத்தால் மார்க்கம் உண்டு.

தாய் கேட்பது சிறையா?

“ஆயுள் தண்டனை கொடு, தூக்கில் போடு” என்று முழங்குவது மேடைக்கு எளிது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கைதட்டலுக்காகப் பேச வரவில்லை நான்.

வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கிற தாயைக் கேளுங்கள்: “அம்மா, உன் மகனைப் பத்தாண்டு சிறைக்கு அனுப்பலாமா?” அவள் என்ன சொல்வாள்? “ஐயோ, வேண்டாமய்யா! அவனுக்கும் பிள்ளை குட்டிகள் இருக்கின்றன. எனக்கு அந்தப் பின்கட்டு அறையைத் திரும்பக் கொடுத்தால் போதும்” என்பாள். தண்டனையை வெறுமனே நீட்டிக்கொண்டே போனால், அந்தத் தாய் காவல் நிலையத்தின் படியையே மிதிக்கமாட்டாள். குற்றமும் வெளிவராது. கடுமை கூடக் கூட, குற்றம் இன்னும் ஆழமாக வீட்டுக்குள் புதைந்துபோகும்.

ஆகவே தண்டனை திருப்பித் தருவதில் தொடங்கவேண்டும் என்கிறேன். முதலில் வீடு. முதலில் சேமிப்பு. முதலில் அந்த 1,200 ரூபாய். அது திரும்பிய பிறகு, எவ்வளவு சிறை என்ற கேள்வி.

இதற்கு வித்து சட்டத்திலேயே இருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் செல்லாததாக்க வழிசெய்கிறது. 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம், அத்தகைய நிபந்தனை இருந்தது என்று நிலைநாட்டவேண்டும் என்றது. 2025 ஜனவரி 2ஆம் நாள், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் வழக்கில், இச்சட்டம் முதியோர் நலனுக்காகப் பிறந்தது, அதற்கேற்பத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்து, சொத்தைத் தாயிடமே ஒப்படைக்கச் செய்தது. அதுதான் நீதி! அந்தத் தாய்க்கு வேண்டியது அதுதான்.

ஆனால் மகனுக்குப் பொருந்துவது மோசடிக் கும்பலுக்குப் பொருந்தாது. நம்பிக்கையை வாணிகமாக்கியவன், ஒருவரை விட்டு ஒருவராக முதியோரைத் தேடித் தேடிப் பறிப்பவன், அவனுக்கு நெடுஞ்சிறைதான் தக்கது. “திருப்பிக் கொடுத்தால் தண்டனை குறையும் என்றால், பணக்காரன் தண்டனையை விலைக்கு வாங்கிவிடமாட்டானா?” என்று ஒரு தோழர் கேட்கலாம். நல்ல கேள்வி. திருப்பித் தருவது கடனைத் தீர்க்கும், குற்றத்தைத் தீர்க்காது. குடும்பத்துக்குள் தவறியவன் திருப்பித் தந்து திருந்தினால் இரக்கம் காட்டலாம். தொழிலாகச் செய்தவனுக்குத் திருப்பித் தருவது முதற்படி, சிறை அடுத்த படி. திருப்பித் தராமல் பதுக்குகிறவனுக்கு இரண்டும் இரட்டிப்பு.

சட்டமன்றத்துக்கு ஒரு வேலை

டில்லி என்ன செய்தது? 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த 2019 டிசம்பரில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். மூன்று மாதத்தை ஆறு மாதம்வரை உயர்த்தலாம், ஐயாயிரத்தைப் பத்தாயிரமாக்கலாம் என்றது அது. நிலைக்குழு 2021இல் அறிக்கை தந்தது. பிறகு? பிறகு ஒன்றுமில்லை. 2024இல் மக்களவையின் காலம் முடிந்தது, மசோதாவின் காலமும் முடிந்தது. முதியோருக்கு நேர்வதுதான் முதியோர் மசோதாவுக்கும் நேர்ந்தது!

டில்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் இசைவோடு மாநிலம் தனித் திருத்தம் செய்ய அரசியல் சட்டத்தின் 254ஆம் பிரிவு இடம் தருகிறது. நிதி நிறுவனங்களிடம் பணம் போட்டவர்களைக் காக்க 1997இல் தனிச் சட்டம் செய்தது தமிழ்நாடு. பத்தாண்டுவரை சிறை, சொத்தை முடக்கிப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம், தனி நீதிமன்றம் என்று வழிவகுத்தது. மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று வழக்காடினார்கள். 2011இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. 2025 ஜனவரியில் பெண்களுக்கெதிரான குற்றங்களுக்குத் தண்டனையை உயர்த்தி நமது சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. வழி தெரிந்த சட்டமன்றம் இது. அதனிடம் மூன்று கோரிக்கைகளை வைப்போம்.

முதலாவது, ஏமாந்தவரின் முதுமை, நோய், ஆதரவின்மை ஆகியவற்றைத் தண்டனையைக் கூட்டும் காரணங்களாகச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பாதுகாக்க வேண்டிய இடத்திலிருந்தவனே பறித்தான் என்றால் இன்னும் கூட்டவேண்டும். இங்கிலாந்து 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தில், பிறர் நலனைக் காக்கவேண்டிய நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதையே தனிக் குற்றமாக்கி, பத்தாண்டுவரை சிறை வைத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், அறுபத்தைந்து வயது கடந்தவரிடம் பறிப்பதைத் தனிப் பிரிவாகவே எழுதியிருக்கிறது. நீதிபதிகள் தண்டனையை அளப்பதற்கு ஒரு நெறிமுறை வேண்டும் என்று மலிமத் குழு 2003இலேயே சொல்லிற்று. அந்த அளவுகோலில் முதியவரின் கண்ணீருக்கும் ஒரு கோடு இருக்கட்டும்.

இரண்டாவது, தண்டனை அறிவிக்கும் அன்றே, எவ்வளவு திருப்பித் தரவேண்டும், எதிலிருந்து, எந்த நாளுக்குள் என்பதையும் அறிவிக்கவேண்டும். அபராதத்தை இழப்பீடாகக் கொடுக்கவும், குற்றத்தால் வந்த சொத்தை முடக்கிக் கெட்டவருக்குப் பங்கிடவும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலே, 395ஆம் பிரிவிலும் 107ஆம் பிரிவிலும், இடமிருக்கிறது. இழப்பீட்டைப் பற்றி ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம் சிந்தித்தே ஆகவேண்டும் என்று 2013இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செய்யலாம் என்றிருப்பதைச் செய்தே தீரவேண்டும் என்றாக்குவோம்.

மூன்றாவது, காலக்கெடு. பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவைத் தொண்ணூறு நாளில் முடிக்கவேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குக் கெடு வைத்திருக்கிறது. முதியவர் பணமிழந்த குற்ற வழக்குக்கும் ஒரு கெடு வையுங்கள். முதியவரின் சாட்சியத்தை முதலிலேயே நீதிமன்றத்தில் பதிவு செய்துவிடுங்கள். சாட்சி மறைந்தாலும் சாட்சியம் மறையாதிருக்கட்டும்.

நமக்கு ஒரு வேலை

சட்டமன்றத்துக்கு வேலை சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாமா? கூடாது.

அந்தத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வழக்கறிஞர் தேவையில்லை. முதியவரால் இயலாவிட்டால், அவர் இசைவோடு வேறொருவரோ ஓர் அமைப்போ மனுச் செய்யலாம். நம் படிப்பகங்களில் உட்கார்ந்து மனு எழுதித் தரத் தெரிந்த பிள்ளைகள் இல்லையா? இருக்கிறார்கள், என் கண்ணெதிரே நிற்கிறார்கள். சொத்தை எழுதிக் கொடுக்கப் போகிற முதியவரைக் கண்டால் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: “ஐயா, வாழ்நாள் முழுதும் என்னைப் பராமரிக்கவேண்டும், தவறினால் இப்பத்திரம் ரத்தாகும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.” அந்த ஒரு வரி நாளை ஒரு வீட்டைக் காப்பாற்றும். மோசடி நடந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கவேண்டும் என்று சொல்லுங்கள். முதியோர் உதவிக்கு 14567 இருக்கிறது என்று சொல்லுங்கள். தெருத்தெருவாகச் சொல்லுங்கள். தேர்தல் நேரத்தில் எந்த வீட்டில் எத்தனை வாக்கு என்று தெரிந்து வைத்திருக்கிற நமக்கு, எந்த வீட்டில் தனியாக ஒரு முதியவர் இருக்கிறார் என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

இன்னொன்று, கசப்பானது. முதியவரை ஏமாற்றியவன் நம்முடைய கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால்? “நம்மவன்தான், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று காவல் நிலையத்துக்குப் பரிந்துரை செய்யப் போகிறவன் இந்த இயக்கத்துக்குப் பகைவன். ஏழைக் கிழவியின் பக்கம் நிற்காத கொடி எவ்வளவு உயரத்தில் பறந்தால் என்ன?

தோழர்களே! ஆர்பத்நாட் வழக்கில் வெள்ளையர் ஆட்சி பதினெட்டு மாதம் என்றது. குடியாட்சி மூன்று மாதம் என்கிறது. இடையில் எத்தனையோ பேர் காத்திருந்து மறைந்தார்கள். அவர்கள் அனுபவித்த தண்டனைக் காலத்தை நம்மால் திருப்பித் தர முடியாது. இனி வருகிறவர்களுடைய காலத்தையாவது மீட்டுத் தர முடியும்.

பின்வரிசையில் நிற்கிற தம்பிகளே! இன்று முன்வரிசையில் இருப்பவர்கள் ஒரு காலத்தில் உங்களைப் போல் பின்வரிசையில் நின்றவர்கள். நாளை அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். இன்று எழுதப்படுகிற சட்டம் உங்கள் முதுமைக்கும் சேர்த்துத்தான். அதை எழுத வைக்கும் வலிமை உங்களிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும், இந்தப் பெரியவர்களைக் கைப்பிடித்து வீடுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.